ராஜபார்ட் வராத நாள்கள்

2003-ஆம் ஆண்டின் முன்பனிக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் பானுமதி அழகுமலையை முதன்முதலாகச் சந்தித்தார். சந்தித்தார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. கடைசி வரிசையில் ஒரு மனிதர் நாற்காலியின்மேல் ஏறி நின்றுகொண்டு, "மாத்திட்டாங்கப்பா! ஆளை மாத்திட்டாங்க!" என்று இரு கைகளையும் உயர்த்திக் கூவியதை மேடையின் ஓரத்திலிருந்து அவர் பார்த்தார், அவ்வளவுதான்.

பானுமதி அங்கிருந்த தமிழ் மன்றத்தின் மேடை அறிவிப்பாளர். கணவர் சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் கணக்கர். பிள்ளைகள் படித்து வெளிநாடு போய்விட்டபின், மன்றத்தின் ஒலிவாங்கி அவருக்குத் துணையாயிற்று. அவர் வீட்டில் பேசினாலும் அறிவிப்பைப் போலவே இருக்கும். காய்கறிக் கடைக்காரரிடம் விலை கேட்டால்கூட, அடுத்து யாரோ மேடையேறப் போகிறார்கள் என்று தோன்றும்.

அன்று நடந்தது ஸ்பெஷல் நாடகம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த இசை நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. அரசனாகப் பாடி நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூன் எங்கிருந்து வருவார் என்பது அவருக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். ஒத்திகை அறவே இல்லை. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். முகத்தில் அரிதாரம் பூசும்போதுதான் பலர் ஒருவருக்கொருவர் வணக்கமே சொல்லிக்கொள்வார்கள். ஆகையால் ஒருவர் வராமற்போனால், அந்த வேடம் தெரிந்த இன்னொருவர் வந்து நிற்கலாம்; நாடகம் நின்றுபோகாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ராஜபார்ட் நேராக மேடைக்கு வந்துவிடமாட்டார். திரைக்குப் பின்னால் நின்றபடியே முதல் வரியைப் பாடுவார். முகம் தெரியுமுன் குரல் தெரிய வேண்டும். ரசிகர்கள் அந்த ஒரு வரிக்காக முறுக்கு மெல்லுவதையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

அன்றைய நாடகத்துக்கு வர வேண்டியவர் ராஜபார்ட் செய்கு முகம்மது. அவருடைய பெயருக்காகத்தான் தொழில்பேட்டையின் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து பேருந்து பேருந்தாக ஆள்கள் வந்திருந்தார்கள். நண்பகல்வரை அவருக்கு விசா வரவில்லை. மன்றத்தின் செயலாளர் விஜயபாஸ்கர், பொறியாளர், எந்தச் சிக்கலுக்கும் ஓர் எளிய வழி உண்டு என்று நம்புகிறவர், அபுதாபிப் பக்கம் முசஃபாவில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த பாண்டித்துரை என்பவரை அவசரமாக வரவழைத்தார். பாண்டித்துரை ஊரில் சில காலம் ராஜபார்ட் வேடம் கட்டியவர். டூட்டி உடையோடு வந்து இறங்கியவரை அப்படியே ஒப்பனை அறைக்குள் தள்ளினார்கள்.

"அவையோரிடம் அறிவிக்க வேண்டாமா?" என்று பானுமதி கேட்டார்.

"எதுக்கு மேடம்? கிரீடம், மீசை, அரை இன்ச்சு பவுடர். இதுக்குள்ள யாரு இருக்கான்னு யாருக்குத் தெரியப்போகுது? தெரியுறதுக்குள்ள பாதி நாடகம் முடிஞ்சிருக்கும்."

பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனார். விளக்குகள் மங்கின. திரைக்குப் பின்னாலிருந்து, "வருவேன் என்று சொன்னேனே, வந்துவிட்டேன் மயிலே" என்று முதல் வரி எழுந்தது. அந்த வரி முடிவதற்குள் கடைசி வரிசை நாற்காலியின்மேல் அழகுமலை ஏறிவிட்டார்.

அரங்கம் கொந்தளித்தது. "செய்கு முகம்மது எங்கே?", "காசைத் திருப்பிக் குடுங்க!" என்று நாலாபுறமும் குரல்கள் எழுந்தன. விஜயபாஸ்கருக்கு அப்போது தோன்றிய எளிய வழி, பானுமதியை மேடைக்குத் தள்ளிவிட்டுத் தாம் தூணுக்குப் பின்னால் நிற்பது. பானுமதி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். ஒலிவாங்கியைத் தட்டவில்லை, ஊதவுமில்லை.

"அன்பார்ந்த அவையோரே! தவிர்க்க இயலாத காரணத்தால், ராஜபார்ட் திரு. செய்கு முகம்மது அவர்களால் இன்று நம்மிடையே வர இயலவில்லை. அன்னாருக்குப் பதிலாக, முசஃபாவிலிருந்து வந்திருக்கும் திரு. பாண்டித்துரை அவர்கள் அரச வேடம் ஏற்கிறார்கள். அவரை உங்கள் அன்பான கரவொலியோடு வரவேற்க வேண்டுகிறேன்."

கூச்சல் சற்றே தணிந்தது. பிறகு, ஒரே ஒருவருடைய கைதட்டல். கடைசி வரிசையில், நாற்காலியின்மேல் நின்றபடியே, கலகத்தைத் தொடங்கிவைத்த அதே மனிதர்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து, மடித்த நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் பானுமதியைத் தேடி வந்தார். நடுத்தர வயது, அகன்ற தோள்கள், வெள்ளிக்கிழமைக்கென்று தேய்த்து உடுத்திய சட்டை.

"மேடம், எம்பேரு அழகுமலை. சிங்கம்புணரிப் பக்கம். இங்க கராஜுல டிங்கர் வேலை. நீங்க சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்ல மேடம். எங்க ஊருல, 'அவரு வரல, இவரு பாடுவாரு, சத்தம் போடாம உக்காருங்கடா'ம்பாக. நீங்க வராதவருக்கு மாலை போட்டு, வந்தவருக்கும் மாலை போட்டுட்டீக."

"அப்படியானால், கலகம் செய்தீர்களே, எதற்காக?"

"கலகமா? சந்தோசத்துல கத்துனேன் மேடம்! ஆள் மாறி வர்ற நாடகந்தான் நாடகம். பேரு எடுத்தவரு பேரை வச்சுப் பாடிட்டுப் போயிருவாரு. மாத்து ஆளுக்குப் பேரு ஏது? அவரு தொண்டையை வச்சுத்தான் பாடணும். பாண்டித்துரை மூணாம் பாட்டுல கண்ணை மூடிட்டாரு பாத்தீகளா? அப்பவே நான் கீழ இறங்கி உக்காந்துட்டேன்."

பானுமதிக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. அவர் சொன்னது முழுவதும் சரியா என்று யோசிக்க வீடு போய்ச் சேரும்வரை நேரம் பிடித்தது.

அதன்பின் வெள்ளிக்கிழமைகளில், பானுமதியும் அவர் கணவரும் தொழில்பேட்டையின் ஓரத்திலிருந்த கலீல் ரஹ்மானின் தேநீர்க் கடைக்குப் போவது வழக்கமாயிற்று. கடைவாசலில் வண்டியை நிறுத்தி ஒருமுறை ஒலி எழுப்பினால் தேநீர் வண்டிக்கே வந்துவிடும். தேநீரோடு சேர்ந்து கடையே வந்து சன்னலில் கைகளை ஊன்றிக்கொண்டு நிற்கும். கீழக்கரைக்காரரான கலீல் ரஹ்மான் முதல், பழுது பார்க்கும் பட்டறைகளின் ஆள்கள்வரை எல்லாரும் நாடகப் பித்தர்கள். 'மேடம்' சில வாரங்களில் 'அக்கா' ஆயிற்று.

அவர்களுடைய பேச்சு எப்போதும் வராதவர்களைப் பற்றியும், அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களைப் பற்றியும் இருக்கும். அதில் அழகுமலையை விஞ்ச ஆளில்லை.

"தோஹா தொழில்பேட்டையில இருந்தேன்ல, அப்ப கேம்ப் மைதானத்துல நாடகம். ராஜபார்ட்டுக்கு ஏர்போர்ட்டுலயே கலாஸ், திருப்பி அனுப்பிட்டாங்க. லாரி ஓட்டுற நம்மாளு ஒருத்தன் 'நான் பாடுறேன்'னு கையைத் தூக்கிட்டான். பாட்டு அம்சம். கிரீடந்தான் அவன் தலைக்குப் பெருசு. உள்ள ஒரு குளிக்கிற துண்டைச் சுருட்டி வச்சுருக்கான். மேல்ஸ்தாயிக்குப் போகையில எல்லாம் கிரீடம் எறங்கிக் கண்ணை மறைச்சுரும். இவன் விடல. கிரீடத்துக்குள்ள இருந்தே பாடுறான்! எனக்கு எதிர்ல ஒரு பானை பாடுற மாதிரி இருக்கு. ஆனா அந்த மேல்ஸ்தாயி இருக்கே அக்கா, இன்னும் காதுல நிக்குது."

"இதெல்லாம் என்ன?" என்பார் கலீல் ரஹ்மான், தேநீரை ஆற்றியபடி. "அந்தப் பபூன் கதையச் சொல்லுங்க மலையண்ணே. அக்கா கேட்டதில்ல."

"அதுவா! எங்க ஊருத் திருவிழா. ராஜபார்ட் கார் வழியில படுத்துக்கிச்சு. அரச வேசமும் பபூனே கட்டணும்னு ஆயிருச்சு. ராஜா பபூனைத் திட்டுற இடம் ஒண்ணு வருது. இந்தப் பக்கம் திரும்பி ராஜாவாத் திட்டுறாரு. அந்தப் பக்கம் திரும்பிப் பபூனா அழுகுறாரு. கடைசியில பாருங்க, பபூன் கோவிச்சுக்கிட்டு வேலையை விட்டுட்டுப் போயிட்டான். ராஜா தனியா நிக்கிறாரு. சனம் எல்லாம் ராஜாவுக்காக அழுகுது."

அவருடைய திருமணத்தன்றுகூட, பேசி வைத்திருந்த நாகசுரக்காரர் வரவில்லையாம். வேறொருவர்தான் வந்து வாசித்தாராம். மாப்பிள்ளை தாலி கட்டுவதை மறந்து வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்ததாக அவர் மனைவி ராக்கம்மா இன்றும் தொலைபேசியில் குத்திக்காட்டுகிறாராம். வளைகுடாவுக்கு அவர் வந்ததே அப்படித்தான். தோஹாவின் பட்டறை ஒன்றுக்குத் தேர்வான டிங்கருக்குப் புறப்படும் வாரத்தில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அந்த இடத்துக்கு அவசரமாகப் பிடித்து அனுப்பப்பட்டவர் அழகுமலை. "நானே மாத்து ஆளுதானக்கா" என்று சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். அவருடைய ஊர்களும் பட்டறைகளும் மாறின. அந்தச் சிரிப்பு மாறவில்லை.

ஒரு நாள் கலீல் ரஹ்மான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மலையண்ணே, உண்மையச் சொல்லுங்க. செய்கு முகம்மது குரல், செய்கு முகம்மது குரல்னு உசுர விடுறீங்க. அவர நேர்ல கேட்டிருக்கீங்களா?"

"கேசட்டு தேயத் தேயக் கேட்டிருக்கேன்."

"நேர்ல?"

"நேர்லயும் போயிருக்கேன். ஊருல போயிருக்கேன், தோஹாவுல போயிருக்கேன், இங்க போனேன்."

"போனீங்க. அவரு வந்தாரா?"

அழகுமலை தேநீர்க் கோப்பையின் அடியைப் பார்த்தார். "அவரு வரல" என்றார்.

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் அனைவரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் வண்டிக் கூரையைத் தட்டிச் சிரித்ததில் பானுமதியின் கணவர் பதறிப்போனார். "அப்ப நீங்க போறதாலதான் அவரு வரல!" என்று யாரோ சொன்னார்கள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் தொழில்பேட்டையில் வேறு பொழுதுபோக்குக் குறைவு. ஒரு மாதத்துக்குள், அழகுமலை டிக்கெட் எடுத்தால் ராஜபார்ட் வரமாட்டார் என்பது பட்டறைகள்தோறும் உறுதியான செய்தியாகிவிட்டது.

கூட்டம் கலைந்தபின் அழகுமலை சன்னலருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மாத்து ஆளுங்களை எனக்குப் பிடிக்கும். அது மெய்தான். ஆனா யாருக்கு மாத்தா வந்தாங்கன்னு ஒருதடவ தெரியணும்ல? நாடகம் முழுசும் வேண்டாங்கக்கா. திரைக்குப் பின்னாடி வருதே, அந்த ஒரு வரி. கேசட்டுல இல்லாம, அந்த மனுசன் மூச்சுவிடுறது கேக்குற மாதிரி. ஊருக்கு ஒரேயடியாப் போறதுக்குள்ள அத ஒருதடவ கேட்டுறணும்."

பானுமதி அதை மறக்கவில்லை. மன்றத்தின் கூட்டங்களில், "செய்கு முகம்மது அவர்களை மீண்டும் அழைக்க வேண்டும்" என்று ஒவ்வோராண்டும் எழுந்து நின்று சொன்னார். 2006-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அது கைகூடிற்று. விசா முன்னதாகவே வந்தது, பயணச்சீட்டும் உறுதியாயிற்று. மகிழ்ச்சியோடு கூட்டத்துக்குப் போன பானுமதியிடம் விஜயபாஸ்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், அந்த அழகுமலை விஷயம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் இன்ஜினியர். ஆனா எதுக்கு ரிஸ்க்? அவரு டிக்கெட் எடுக்காம இருந்தா நல்லது. நீங்க சொன்னா கேப்பாரு."

பானுமதி வாதாடினார். "ஒருவர் நாற்காலியில் அமர்வதற்கும் இன்னொருவருடைய விசாவுக்கும் என்ன தொடர்பு?" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். எல்லாரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள். எல்லாரும் அழகுமலை வராமலிருப்பதே நல்லது என்றும் சொன்னார்கள். நாடகம் கெட்டால் மறு ஆண்டு ஒருவரையும் அழைக்க இயலாது என்ற நிலை வந்தபோது, பானுமதி தோற்றார்.

அடுத்த நாள் அவர் கராஜுக்கே போனார். ஒரு வெள்ளைக் காரின் நசுங்கிய கதவை அழகுமலை சுத்தியலால் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் தட்டுவது நின்றது.

"அக்கா, நீங்களுமா?"

"எனக்கு இதில் உடன்பாடில்லை, அழகுமலை. ஆனாலும் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. வாகனங்களை நிறுத்த வழிகாட்டும் தொண்டராக வாருங்கள். அப்போது நீங்கள் பார்வையாளர் அல்லர். ராஜபார்ட் மேடையேறியதும் நானே வந்து உங்களை உள்ளே அழைத்துச் செல்வேன்."

"மேடையேறினப்புறம் என்னக்கா இருக்கு? எனக்கு அந்த மொதல் வரிதான வேணும்?"

பானுமதி சுத்தியலையும் கதவையும் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து கைப்பேசியை வெளியே எடுத்தார்.

"முதல் வரியின்போது நான் திரைக்குப் பின்னால்தான் நிற்பேன். உங்களைக் கூப்பிட்டுவிட்டு இதைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் உங்கள் கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டிருங்கள். நீங்கள் அரங்கிலும் இல்லை; பாட்டையும் கேட்டாயிற்று."

அழகுமலை சுத்தியலைக் கீழே வைத்தார். "போன்ல கேட்டா அவரு வராமப் போயிர மாட்டாருல்ல?" என்றார். பானுமதி முறைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாடகத்தன்று மாலை, ஒளிரும் பச்சைச் சட்டை அணிந்து, அழகுமலை அரங்கின் வாசலில் வண்டிகளை இடம் வலமாக அனுப்பிக்கொண்டிருந்தார். "யல்லா, யல்லா, பின்னாடி வாங்க, ஆச்சா பாய், நிறுத்து!" என்ற அவர் குரல் தெருமுனைவரை கேட்டது. செய்கு முகம்மதுவின் வண்டி வாசலுக்குள் நுழைந்தபோது மட்டும் அவரைக் காணவில்லை. ஒரு பிக்கப் வண்டிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒளிந்திருந்தார். தம் கண் பட்டுக் காரின் சக்கரம் கழன்றுவிட்டால் என்ன செய்வது?

ஆகவே ராஜபார்ட் வந்துவிட்டார். விஜயபாஸ்கர் வெற்றிப் பெருமிதத்தோடு அரங்கை ஒருமுறை வலம் வந்தார். ஆனால் ஒப்பனை அறைக்குள் நுழைந்த பானுமதிக்குச் சேதி வேறாக இருந்தது. செய்கு முகம்மது தகரப் பெட்டியின்மேல் அமர்ந்து, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, மிளகுப் பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். விடுதி அறையின் குளிர்சாதனத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, விடியும்வரை அந்தக் குளிரிலேயே படுத்திருக்கிறார். தொண்டை கட்டிவிட்டது.

"மேடையில நான் நடிச்சுருவேன்மா" என்று அவர் கிசுகிசுத்தார். "பாட்டை எல்லாம் ஆர்மோனியக்காரரு பாத்துக்குவாரு. எங்க தொழில்ல இது உள்ளதுதான். கூட்டம் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஓட்டலாம்."

பபூன் தம் வேலையை முடித்துவிட்டார். விளக்குகள் மங்கின. வாக்களித்தபடி, பானுமதி திரைக்குப் பின்னால் நின்று அழகுமலையைக் கூப்பிட்டார். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார் அவர். எதைக் கேட்கச் செய்வது என்று பானுமதிக்குக் குழப்பமாயிருந்தது. ஆர்மோனியக்காரர் பாடுவதைக் கேட்கவைத்து, இதுதான் செய்கு முகம்மது என்று சொல்ல அவருக்கு நா எழாது. இன்றும் வரவில்லை என்று சொல்லவும் மனம் வராது. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

அரச வேடத்தில், உடைவாளோடு அருகில் வந்து நின்ற செய்கு முகம்மது அதைப் பார்த்துவிட்டார்.

"இந்நேரத்துல யாருக்கும்மா போன்?"

பானுமதி உள்ளதைச் சுருக்கமாகச் சொன்னார். வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒருவர் நிற்கிறார். உங்களைக் கேட்க வந்தபோதெல்லாம் நீங்கள் வரவில்லை. உங்களுக்குப் பதிலாகப் பாடியவருக்கு முதலில் கைதட்டியவர் அவர்தான். இன்று நீங்கள் வர வேண்டும் என்பதற்காக அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். உங்கள் முதல் வரியைத் தவிர அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

ராஜபார்ட்டின் ஒட்டுமீசைக்குக் கீழே உதடுகள் மெல்ல விரிந்தன. "நான் வராத நாடகத்துக்கெல்லாம் வந்த ஆளா? அட அல்லாவே! அப்ப எனக்குப் பதிலாப் பாடுனவங்களை எல்லாம் காப்பாத்தி விட்டதே அவருதானம்மா. குடுங்க இங்கே."

ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. ஆர்மோனியக்காரர் ஒலிவாங்கியில் கம்பீரமாக, "வருவேன் என்று சொன்னேனே" என்று எடுத்தார். அதே நேரத்தில், திரையின் இருட்டில், செய்கு முகம்மது கைப்பேசியை உதட்டோடு வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த குரலைத் திரட்டி, அதே வரியைப் பாடினார். கட்டிய தொண்டை, முரட்டுத் துணியைக் கிழிப்பதுபோல் கரகரத்தது. சொன்னேனே என்ற இடத்தில் குரல் அறுந்தது. மூச்சு மட்டும் போயிற்று. ஆனால் 'மயிலே' என்று இறங்கிய வளைவில் கரகரப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. பக்கத்தில் நின்ற பானுமதிக்குத் தம் கையிலிருந்த நிகழ்ச்சித் தாள் கீழே விழுந்தது தெரியவில்லை.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாளைச் சரிசெய்துகொண்டு, திரையை விலக்கி ராஜபார்ட் மேடைக்குள் பாய்ந்தார். கரவொலியில் கூரை அதிர்ந்தது.

"அழகுமலை, கேட்டதா?"

மறுமுனையில் ஒரு வண்டி பின்வாங்கும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு: "அக்கா, யாருக்கா அது?"

"உங்களுக்கே தெரியவில்லையா?"

"தெரியுதுக்கா. அதான் கேக்குறேன்."

கூட்டம் கண்டுபிடிக்க இரண்டாம் பாட்டுவரை ஆயிற்று. ராஜபார்ட் வாயை மூடியபின்னும் பாட்டு தொடர்ந்துகொண்டிருந்ததை முன்வரிசையிலிருந்த ஒருவர் எழுந்து நின்று சுட்டிக்காட்டினார். சீழ்க்கை பறந்தது. விஜயபாஸ்கர் வழக்கமான தூணை நோக்கி நடந்தார். பானுமதி வழக்கமான இடத்துக்குப் போய் நின்றார்.

"அன்பார்ந்த அவையோரே! ராஜபார்ட் திரு. செய்கு முகம்மது அவர்கள் வந்துவிட்டார்கள். ஆயினும், தவிர்க்க இயலாத காரணத்தால், அன்னாருடைய தொண்டையால் இன்று நம்மிடையே வர இயலவில்லை."

ஒரு கணம் திகைத்த கூட்டம், பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் நின்ற அரசரே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதன்பின் சீழ்க்கை எழவில்லை.

தூணருகே விஜயபாஸ்கர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். "மேடம், அந்த ஆளை உள்ள விட்டது யாரு?"

"யாரும் விடவில்லை. அவர் வெளியேதான் நிற்கிறார்."

"வெளியில நின்னுக்கிட்டே செஞ்சுட்டாரா!" என்றார் பொறியாளர், நெற்றியில் கை வைத்து.

பானுமதி வெளியே போய் அழகுமலையை உள்ளே அழைத்துவந்தார். அவர் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆர்மோனியக்காரரின் பாட்டைத் தலையாட்டி ரசித்துக் கேட்டார். நசுங்கிய கதவு நிமிரும்போது அவர் முகத்தில் வரும் அதே நிறைவு அப்போதும் இருந்தது. ஒன்றை மட்டும் பானுமதி கவனித்தார். அவர் ஒருமுறைகூட நாற்காலியின்மேல் ஏறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தேநீர்க் கடையில் அவரை ஒரு பிடி பிடித்தார்கள்.

"ஆளு வந்தும் தொண்டை வரலையே மலையண்ணே! இனி நீங்க ரூமை விட்டு வெளியே வந்தாலே போலீஸ்ல சொல்லணும் போல" என்றார் கலீல் ரஹ்மான்.

அழகுமலை சிரித்தாரே ஒழிய, வாயைத் திறக்கவில்லை. பேர் பெற்றவரைக் கேட்க வந்த அத்தனை பேரும் பதில் ஆளைக் கேட்டுவிட்டுப் போனார்கள். பதில் ஆள்களையே கேட்டு வந்தவர் மட்டும் அந்தப் பேர் பெற்றவரையே கேட்டார். அதைச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. எல்லாரும் போனபின், பானுமதியால் ஆவலை அடக்க இயலவில்லை.

"சொல்லுங்கள், எப்படி இருந்தது?"

அழகுமலை நாலாபுறமும் பார்த்துக்கொண்டார். சன்னலுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வளைவு இருக்கே அக்கா, அதுக்கு நான் அடிமை. ஆனா யாருகிட்டயும் சொல்லிறாதீக. மொத்தமாப் பாத்தா..." சிறிது தயங்கினார். "பாண்டித்துரைதான் ஒரு படி மேல."

பானுமதி சிரித்த சிரிப்பில் தேநீர் சேலையில் சிந்திவிட்டது.

2009-ஆம் ஆண்டில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, அழகுமலை வேறொருவரையும் கூட்டிக்கொண்டு வண்டிச் சன்னலுக்கு வந்தார். அவருடைய முதுகு வலி முற்றிவிட்டது. ஊருக்கே போய்விடுவதென்று முடிவாயிற்று. பட்டறை முதலாளியான கஃபீல் அவர் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார். வந்தவர் இலங்கையின் மலையகத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், பெயர் சுகிர்தன்.

"எனக்கு மாத்தா வந்துருக்காரு அக்கா. கதவைத் தட்டுற தட்டுல எனக்கு ஒரு படி மேல. நாடகம் பாத்ததில்லையாம். அடுத்த மாசம் மன்றத்துல நாடகம் வருதுல்ல, பாக்கட்டும்."

"அவசியம் வர வேண்டும்" என்றார் பானுமதி. சுகிர்தன் கூச்சத்தோடு கும்பிட்டார்.

"ராக்கம்மா என்ன சொல்கிறார்?"

"'நீ வர்றியா, இல்ல உனக்குப் பதிலா வேற யாரும் வர்றாங்களா'ன்னு கேக்குறா."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பானுமதி கைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். அதில் கைப்பேசிதான் அகப்பட்டது.

அழகுமலை போகத் திரும்பியவர், மறுபடியும் வந்து சன்னலில் கைகளை ஊன்றிக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், மறுக்கக் கூடாது. அடுத்த மாசம் நாடகம் தொடங்குறதுக்கு முன்னாடி நீங்க மேடையில ஏறணும். மைக்கைத் தட்டக் கூடாது. 'தவிர்க்க இயலாத காரணத்தால்'னு நிறுத்தி, நிதானமா எடுக்கணும். கடைசி வரிசை அழகுமலையால இன்னைக்கு வர இயலவில்லை, அவருக்குப் பதிலா இவரு உக்காந்து கேப்பாருன்னு, எனக்கும் ஒருதடவ சொல்லிருங்கக்கா."